டிக் கடித்தது... டிக் டிக் வந்தது!

உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பார்கள். எனக்கு ஆம்புலன்ஸ் வந்தது.

2021 ஜூன் மாதம். சனிக்கிழமை ராத்திரி மணி ஒன்றரை. அமெரிக்காவில், வடக்கு கரோலினா மாநிலத்தில், ராலே நகரத்தை ஒட்டியிருக்கும் கேரி என்ற ஊர். நான் இங்கே பிழைக்க வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். சொந்த ஊர் திண்டுக்கல். அதைச் சொன்னாலே என் நாக்கின் ஜாதகம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு நண்பர் வீட்டில் விருந்து. சீரக சம்பா அரிசியில் மட்டன் பிரியாணி. இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூன்றாவது தட்டை நானாகக் கேட்கவில்லை. நண்பரின் மனைவி வைத்தார். மறுத்தால் மரியாதையாக இருக்காதே!

ஐந்து மணி நேரம் கழித்து முழிப்பு வந்தது. முதலில் உள்ளங்கை. அப்புறம் உள்ளங்கால். அப்புறம் உச்சந்தலை. லைட்டைப் போட்டுப் பார்த்தால், உடம்பு முழுக்க சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. உலக மேப்பில் ஆஸ்திரேலியா மட்டும்தான் பாக்கி.

"ஏங்க, உதடு ஏன் இப்படி வீங்கியிருக்கு?" என்று பதறினாள் மனைவி.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்துவது போலிருந்தது. வயிற்றைப் பிசைந்தது. எழுந்து நின்றேன்... அடுத்த ஞாபகம், தொடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர்.

எபிநெஃப்ரின் ஊசி. பத்தே நிமிஷத்தில் தொண்டைக் கதவு திறந்தது.

"கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார் எமர்ஜென்சி டாக்டர்.

"ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்."

"அப்படியானால் சாப்பாட்டு அலர்ஜி இல்லை. சோப்பை மாற்றினீர்களா?"

மாற்றியிருந்தோம். போதாதா? பாவம், வீட்டிலிருந்த அத்தனை சோப்புத் தூளும் குப்பைக்குப் போயிற்று.

துப்பறிந்த கதை

இரண்டாவது தடவை, ஆகஸ்ட் மாதம். கோலா உருண்டை. அதே அரிப்பு, அதே நடுராத்திரி. இந்தத் தடவை பழி மெத்தை உறை மேல் விழுந்தது.

மூன்றாவது தடவை, ஆபீஸ் பிக்னிக். அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுத் தின்னும் வைபவம். ஒரே ஒரு பன்றி சாசேஜ் சாப்பிட்டேன், மேனேஜர் கையால் கொடுத்ததால். சாயங்காலம் வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போது உள்ளங்கை அரித்தது. நல்லவேளை, இந்தத் தடவை எபிநெஃப்ரின் ஊசி பையிலேயே இருந்தது. ஓரமாக நிறுத்தி நானே தொடையில் குத்திக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு அலர்ஜி ஸ்பெஷலிஸ்டிடம் போனேன். வயதான அம்மையார். நான் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார். சோப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மெத்தையைப் பற்றியும் இல்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்:

"இந்த வருஷம் உங்களை உண்ணி கடித்ததா?"

மே மாதம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதரை வெட்டினேன். அன்றைக்குக் கணுக்காலில் ஒரு பொடிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துப் போட்டேன். அந்த இடம் மட்டும் மூன்று வாரம் ஊறிக்கொண்டே இருந்தது. அதைச் சொன்னேன்.

அம்மையார் சிரித்தார். "ரத்தம் டெஸ்ட் பண்ணலாம். உங்களுக்கு ஆல்பா-கால் என்று நினைக்கிறேன்."

கால் என்றதும் நான் காலைத் தூக்கிக் காட்டினேன். இந்தக் கால் வேறயாம்!

ஒரு சர்க்கரைத் துணுக்கு

ஆல்பா-கால் என்பது ஒரு சர்க்கரை. காபியில் போடும் சர்க்கரை இல்லை. ஆடு, மாடு, பன்றி, மான், முயல் என்று பாலூட்டிகளின் உடம்பில் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடித் துணுக்கு. பாலூட்டிகளில் இது இல்லாதவர்கள் மனிதர்கள், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள். நம் மூதாதையர்கள் இரண்டு கோடி வருஷத்துக்கும் முன்னாலேயே இதைச் செய்யும் ஜீனைத் தொலைத்துவிட்டார்கள்.

நம்மிடம் இல்லாத பொருள் என்பதால் நம் ரத்தம் இதை அந்நியனாகத்தான் பார்க்கிறது. ஆனால், வாய் வழியாக வந்தால் விருந்தாளி என்று விட்டுவிடும். பிரியாணியில் வந்தால் கேள்வியே கிடையாது.

உண்ணி கடிக்கும்போதுதான் விவகாரம். உண்ணியின் எச்சிலிலும் இந்த ஆல்பா-கால் உண்டு. அது தோல் வழியாக, கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்த திருடன் மாதிரி உள்ளே வருகிறது. உடம்பு உஷாராகி, 'இந்த மூஞ்சியை இனி எங்கே பார்த்தாலும் அடி' என்று போஸ்டர் ஒட்டிவிடுகிறது. அந்தப் போஸ்டருக்குப் பெயர் ஐ.ஜி.ஈ. அப்புறம் அதே மூஞ்சி பிரியாணியில் வந்தால்? அடி விழுகிறது. திருடனுக்கில்லை, நமக்கு.

சரி, சாப்பிட்டவுடனே ஏன் வரவில்லை? வேர்க்கடலை அலர்ஜிக்காரர்களுக்கு நிமிஷக் கணக்கில் வந்துவிடுமே?

கறியிலுள்ள ஆல்பா-கால் நிறைய கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு ஜீரணமாகி ரத்தத்துக்கு வர சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டு முதல் ஆறு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். எட்டரை மணி பிரியாணிக்கு ஒன்றரை மணி ஆம்புலன்ஸ். கணக்கு சரிதானே?

கோழிக்கும் மீனுக்கும் இந்தச் சர்க்கரை கிடையாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. 0.1-க்குக் கீழே இருக்க வேண்டிய ஆல்பா-கால் ஐ.ஜி.ஈ. எனக்கு 28!

திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உண்ணி கடிச்சா கறி திங்கக் கூடாதா? இது என்னடா கூத்து! நம்ம வீட்டு மாடு உடம்பெல்லாம் உண்ணிதான். உங்க தாத்தா தினம் புடுங்கிப் போட்டுட்டு வந்துதான் கறிச்சோறு சாப்பிடுவாரு!"

"இது வேற உண்ணிம்மா. இது அமெரிக்க உண்ணி. முதுகுல ஒத்தை வெள்ளைப் பொட்டு வெச்சிருக்கும்."

"பொட்டு வெச்சிருக்கா? அப்ப பொம்பளை உண்ணியா இருக்கும்" என்றார் அம்மா.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் உண்மை! வளர்ந்த பெண் உண்ணிக்குத்தான் அந்த ஒற்றைப் பொட்டு. 'ஒற்றை நட்சத்திர உண்ணி' என்று அதற்குப் பெயர்.

புற்றுநோய் மருந்து காட்டிக் கொடுத்தது

இந்த வியாதியைக் கண்டுபிடித்த கதை, மர்ம நாவலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

2004-ல் செடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நல்ல மருந்துதான். ஆனால், சில ஊர்களில் மட்டும் முதல் டோஸ் ஏறும்போதே நோயாளிகள் மயங்கி விழுந்தார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வின்படி டென்னஸி, வடக்கு கரோலினா பக்கம் நூற்றுக்கு 22 பேருக்குக் கடுமையான அலர்ஜி. நாட்டின் மற்ற பகுதிகளில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஒரே மருந்து, ஒரே கம்பெனி. ஊருக்கு ஊர் எப்படி மாறும்?

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸும் அவருடைய குழுவினரும் துருவினார்கள். அந்த மருந்து எலியின் செல்களில் தயாராகிறது. எலியும் பாலூட்டிதானே? மருந்தின் மேல் ஆல்பா-கால் ஒட்டிக்கொண்டிருந்தது. மயங்கி விழுந்தவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஐ.ஜி.ஈ. முன்கூட்டியே தயாராகக் காத்திருந்தது. 2008-ல் இதை வெளியிட்டார்கள்.

ஆனால், அது ஏன் தென்கிழக்கு மாநிலத்துக்காரர்களிடம் மட்டும்?

அதற்குப் பதில், டாக்டரின் கணுக்காலிலேயே வந்து ஒட்டியது! 2007-ல் அவர் மலைப்பக்கம் நடக்கப் போய்விட்டுத் திரும்பினார். காலெல்லாம் கடுகை விடச் சிறிய உண்ணிக் குஞ்சுகள். கடிபட்டவர் சும்மா இருக்கவில்லை. தன் ரத்தத்தையே அடிக்கடி எடுத்துச் சோதித்தார். ஆல்பா-கால் ஐ.ஜி.ஈ. ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நாள் கழித்து லண்டன் போனவர், ராத்திரி ஆட்டுக்கறி சாப்பிட்டார். நடுநிசியில் உடம்பெல்லாம் தடிப்பு. நம்ம கதைதான்!

இதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகர டாக்டர் ஷெரில் வான் நூனென் தனியாக இதையே கவனித்திருந்தார். கறி சாப்பிட்டால் அலர்ஜி என்று வந்த 25 பேரில் 24 பேரை உண்ணி கடித்திருந்தது. அந்த ஊர் உண்ணி வேறு ஜாதி, வேலை மட்டும் ஒன்று.

2010-லிருந்து 2022 வரை அமெரிக்காவில் சுமார் 1,10,000 பேருக்கு இது இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைகள் காட்டியதாக அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2023-ல் அறிவித்தது. டெஸ்ட் பண்ணாதவர்களையும் சேர்த்தால் 4,50,000 வரை போகலாமாம். அதே வருஷம் சி.டி.சி. இன்னொரு கணக்கும் சொன்னது. டாக்டர்கள் உள்ளிட்ட மருத்துவத் துறையினரைக் கேட்டதில், நூற்றுக்கு 42 பேர் இந்த வியாதியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை!

இந்த 42-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் உயிர் இதில்தான் தொங்கியது.

இரண்டு இதழ் இதயம்

2024 பிப்ரவரி. மட்டனை மறந்து இரண்டரை வருஷம். நாட்டுக்கோழிக்கு நாக்கைப் பழக்கிவிட்டேன். ஆபீஸில் லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடி ஏறினேன். மூன்றாவது மாடியில் நெஞ்சு இறுகியது, கண் இருட்டியது, விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கிளம்புகிற வாசலில் ஒரு வால்வு உண்டு. அதற்கு மூன்று இதழ்கள். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்குமாம். சின்ன வயசில் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிற கதவு அது. இரண்டு இதழ் சீக்கிரம் தேய்ந்து, சுண்ணாம்பு படிந்து, திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது.

"வால்வை மாற்ற வேண்டும். நாலு நாளில் ஆபரேஷன்" என்றார் சர்ஜன்.

இரண்டு வகை வால்வு உண்டு என்று விளக்கினார். ஒன்று, உலோகம், கார்பனில் செய்த எந்திர வால்வு. ஆயுளுக்கும் உழைக்கும். ஆனால், அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் வார்ஃபரின் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டாவது, மிருகத் திசுவில் செய்த வால்வு. பன்றியின் வால்வு, அல்லது மாட்டு இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையை வெட்டித் தைத்தது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க வார்ஃபரின் தேவைப்படாது. ஆனால், பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துவிடலாம்.

பொதுவாக ஐம்பது வயசுக்குள் என்றால் எந்திரம், அறுபத்தைந்துக்கு மேல் என்றால் திசு என்பது இங்கே வழக்கம். நடுவில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எனக்கு வயது 52. நட்டநடு!

தினம் மாத்திரை விழுங்க மறக்கும் ஜென்மம் நான். "மாட்டு வால்வே போடுங்கள்" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அம்மா போனில் அழுதுவிட்டு, கடைசியில், "கோமாதாதானேப்பா, உள்ளேயே இருந்து உன்னைக் காப்பாத்துவா" என்றார்.

எனக்கோ, மனைவிக்கோ, ஒரு பொறிகூடத் தட்டவில்லை. இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. கடை கடையாக டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்து மிட்டாய் வாங்குகிற குடும்பம் நாங்கள். ஆனால், அது சமையலறை சமாச்சாரம். இது ஆபரேஷன். இரண்டும் எங்கள் தலைக்குள் வேறு வேறு அலமாரியில் இருந்தன.

ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள்: 'எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?'

'இல்லை' என்று எழுதினேன். பெனிசிலின்கூட எனக்கு ஒத்துக்கொள்ளும். பொய் சொல்லவில்லையே!

சாப்பாட்டு ஆர்டர்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம். ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து ஒரு பெண், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுக்க வந்தார்.

"மாட்டிறைச்சி ரோஸ்ட் இருக்கிறது, வேண்டுமா?"

"மாடு வேண்டாம். பன்றி வேண்டாம். ஆடும் வேண்டாம்."

"ஓ, மதக் காரணமா?"

"மதம் எல்லாம் இல்லை. உண்ணி கடித்துவிட்டது" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார்.

"ஆல்பா-கால்? என் மாமாவுக்கும் இருக்கிறது. நாங்கள் பண்ணைக்காரர்கள். சார், உங்கள் மணிக்கட்டில் அலர்ஜிப் பட்டையே இல்லையே... உங்களுக்கு என்ன ஆபரேஷன்?"

"வால்வு மாற்றுகிறார்கள். மாட்டு..."

சொல்லும்போதே என் வாய் அப்படியே நின்றுவிட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உள்ளங்கை அரித்தது. இந்தத் தடவை பயத்தில்.

அந்தப் பெண் தட்டு வண்டியை அப்படியே விட்டுவிட்டு நர்ஸைத் தேடி ஓடினார்.

அரை மணி நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. மயக்க மருந்து டாக்டர், சர்ஜன், பார்மஸிக்காரர். சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"மருந்து அலர்ஜியைத்தானே கேட்டீர்கள்? இது சாப்பாட்டு அலர்ஜி..."

"ஆபரேஷன் தியேட்டரில் எவ்வளவு மிருகம் இருக்கிறது தெரியுமா?" என்றார்.

பட்டியல் போட்டார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. ரத்தக் கசிவை நிறுத்தும் பஞ்சு, பல சமயம் பன்றி ஜெலட்டின். மாத்திரைக் கூடு ஜெலட்டின். சில தையல் நூல், ஆட்டுக் குடலோ மாட்டுக் குடலோ. கடைசியாக, ஆயுள் முழுக்க நெஞ்சுக்குள் இருக்கப் போகும் மாட்டு உறை!

"திசு வால்வை குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைத்துத்தான் பதப்படுத்துகிறார்கள். 1960-களில் பாரிஸ் டாக்டர் அலென் கார்பென்டியே கொண்டுவந்த முறை. ஆனால், ஆல்பா-கால் அதில் முழுக்கப் போய்விடுவதில்லை" என்றார்.

"அப்படியானால் மாட்டு வால்வு போட்டால் எனக்கு ஆபத்தா?"

அவர் சொன்ன பதிலுக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "ஆபத்து என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆல்பா-கால் இருந்தும் திசு வால்வோடு நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆபரேஷனை ஒட்டி அலர்ஜி வந்தவர்களைப் பற்றியும், போட்ட வால்வு எதிர்பார்த்ததை விட ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போனவர்களைப் பற்றியும் 2014-லிலும் 2016-லிலும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு சில நோயாளிகள்தான். ஆனால், பிரியாணி என்றால் மறுநாள் வெளியே போய்விடும். இது போகாது. உங்களுக்கு வேறு வழி இருக்கும்போது நான் ஏன் இந்தச் சூதாட்டம் ஆட வேண்டும்?"

ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது.

மீன் வந்து காப்பாற்றியது

வேறு வழிகள் மூன்று. ஒன்று, இறந்த மனிதர் தானம் செய்த வால்வு. இரண்டாவது, 1967-ல் லண்டனில் டொனால்ட் ராஸ் என்ற சர்ஜன் செய்து காட்டிய முறை. நுரையீரல் பக்கத்து வால்வைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டி, அந்தப் பக்கம் தானமாக வந்த வால்வைப் போடுவது. ஒரு வால்வு கெட்டதற்கு இரண்டைத் தொடும் பெரிய வேலை. மூன்றாவது, எந்திர வால்வு.

அம்மாவிடம் கேட்டேன்.

"எந்திரமே போடச் சொல்லுப்பா. உங்க பெரியப்பாவுக்குத் திருவனந்தபுரத்துல எந்திர வால்வுதானே வெச்சாங்க? இருபது வருஷம் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தாரே!"

ஆமாம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990-ல் முதன்முதலாக மனித இதயத்துக்குள் போன இந்திய வால்வு. பெரியப்பா பக்கத்தில் படுத்தால் அந்தச் சத்தம் கேட்கும். நாங்கள் முறை வைத்துக்கொண்டு காதை வைத்துக் கேட்டிருக்கிறோம்.

எந்திரம் என்று முடிவாயிற்று. ஹெப்பாரின்?

இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினில் ஓட்டும்போது உறையாமல் காக்க அது வேண்டும். மாற்று மருந்து ஒன்று இருக்கிறது, பைவாலிருடின். அட்டையின் எச்சிலிலுள்ள பொருளைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. உண்ணி கெடுத்ததை அட்டை சரிபண்ணும் என்றால் வேடிக்கைதான். ஆனால், கொடுத்த பைவாலிருடினை முறிக்க மருந்து கிடையாது. ஹெப்பாரினுக்கு உண்டு. அதனால், முன்கூட்டியே அலர்ஜித் தடுப்பு மருந்துகளும் ஸ்டீராய்டும் கொடுத்து, ஹெப்பாரினையே முதலில் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து, எபிநெஃப்ரினைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதாக முடிவு செய்தார்கள். முறிப்பதற்குக் கொடுக்கும் புரோட்டமின், சால்மன் மீனிலிருந்து வந்தது. பன்றியை அடக்க மீன்!

ஆபரேஷனன்று காலையில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதுவும் பேசவில்லை. வண்டியைத் தள்ளும்போது மட்டும், "வந்ததும் நாட்டுக்கோழி வெக்கறேன்" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு அவளுக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அலர்ஜி வரவில்லை. ஐந்து மணி நேரம் கழித்து முடிந்தது.

இப்போது

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. விளக்கை அணைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து மனைவி தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்:

"ஏங்க, அந்தக் கைக்கடிகாரத்தைக் கழட்டி வைங்க. சத்தம் தாங்கலை."

"கழட்ட முடியாதும்மா. அது உள்ளே இருக்கு."

இரண்டு பேரும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம். வலி எனக்கு மட்டும்தான்.

வார்ஃபரின் என்ற மாத்திரை, 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1950-களில் மனித மருந்தாகப் பதவி உயர்வு பெற்றது. ஆபீஸில் இதைச் சொன்னால் ஒருவரும் என் டிபனில் கைவைப்பதில்லை. கீரை சாப்பிடலாமா என்றால், சாப்பிடலாம். ஆனால் ஒரு நாள் கட்டு, ஒரு நாள் பட்டினி என்று கூடாது. தினம் ஒரே அளவு. கீரையிலுள்ள வைட்டமின் கே, மாத்திரைக்கு எதிரி. அதனால் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைக்குத் தராசு உண்டு. மாத்திரை மறக்கும் ஜென்மம் திருந்திவிட்டது. போனில் அலாரம், மனைவியின் அலாரம், திண்டுக்கல்லிலிருந்து அம்மாவின் அலாரம் என்று மூன்று அலாரம்.

புதிதாக உண்ணி கடிக்காமல் இருந்தால் சில வருஷங்களில் ஐ.ஜி.ஈ. குறைந்து, மறுபடி கறி ஒத்துக்கொள்பவர்களும் உண்டு. அதற்காக வீட்டிலேயே தொட்டுப் பார்த்துப் பரீட்சை வைக்கக் கூடாது. 2024-ல் நியூஜெர்சியில் ஒருவர், ஹாம்பர்கர் சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் இறந்து போனார். அதற்கு இந்த அலர்ஜிதான் காரணம் என்று வர்ஜீனியா டாக்டர்கள் கண்டுபிடித்து, 2025-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே ஒரு தடவை கறி சாப்பிட்டு நடுராத்திரியில் அவருக்கு வயிற்றுவலி வந்திருந்தது. எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நல்ல சேதியும் உண்டு. ஆல்பா-கால் இல்லாமல் ஜீனை மாற்றி வளர்த்த பன்றிக்கு 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்திருக்கிறது. சாப்பாட்டுக்கும், மருத்துவப் பொருள் தயாரிப்புக்கும் சேர்த்து. என்றைக்காவது இப்படிப்பட்ட மிருகத்திலிருந்து ஹெப்பாரினும் வால்வும் வந்தால், என்னைப் போன்றவர்கள் நாலு நாள் தள்ளிப்போட வேண்டியிருக்காது. பிரியாணிக்கு ஆட்டிலும் இதைச் செய்தால், முதல் வரிசையில் நான்.

கேன்டீன் பெண்ணுக்கு நன்றி சொல்லத் தேடிப் போனேன். "நான் சாப்பாட்டு ஆர்டர்தானே எடுத்தேன்!" என்று வெட்கப்பட்டார். நூற்றுக்கு 42 பேர் கேள்விப்படாத விஷயம், அவருக்கு மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தெரிந்திருந்தது.

அதனால், நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'மருந்து ஒத்துக்கொள்ளாதா?' என்று கேட்டால், மருந்தோடு நிற்காதீர்கள். எறா சாப்பிட்டால் தடிப்பு, முட்டை சாப்பிட்டால் மூச்சிரைப்பு, கறி சாப்பிட்டால் நடுராத்திரி அரிப்பு... எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். 'இது வீட்டுச் சமாச்சாரம், டாக்டருக்கு எதற்கு?' என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

அமெரிக்காவில் அண்ணனோ, மச்சானோ இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: புதர்ப்பக்கம் போனால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளட்டும். திரும்பியதும் குளித்து, உடம்பைத் தேடிப் பார்க்கட்டும். உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சி வைக்காமல், மண்ணெண்ணெய் ஊற்றாமல், கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கட்டும்.

உண்ணியை இந்த ஊரில் 'டிக்' என்கிறார்கள். என்னை அந்த டிக் கடித்தது ஒரே ஒரு தடவை. பதிலுக்கு என் நெஞ்சு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டிக்... டிக்... டிக்...

சொல்லட்டும். நிற்காமல் சொல்லட்டும்!